கொக்கோ கன்று கொடுப்பதற்கு முன்னால்: கீழ்மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் ஏரிச்சாலையில் கால் கிலோ 'ஹோம்மேட்' சாக்லேட் வாங்கிக்கொண்டு, "மலை விவசாயிக்கு நம்மால் ஆனது" என்று சந்தோஷப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நல்ல மனசுக்காரர். ஆனால் கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் ஊர். கொக்கோவோ வெப்பமண்டலக் காட்டு மரம், 15 டிகிரிக்குக் கீழே போனாலே சுணங்கிவிடும். அங்கே நிறையக் கடைகளில் நடப்பது, வெளியூரிலிருந்து பாளமாக வரும் சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றுவதுதான். பாக்கெட்டின் பின்பக்கத்தில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அதில் கொக்கோவே கொஞ்சம்தான். ஊட்டியிலும் இதே கதை. ருசிக்காக வாங்குங்கள், தப்பில்லை. அதை மலை விவசாயிக்கான உதவிக் கணக்கில் எழுதாதீர்கள்.

நம் பக்கம் கொக்கோ இருப்பது மலைக்குக் கீழே. திண்டுக்கல் மாவட்டத்து அய்யம்பாளையம், சித்தரேவு பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. அந்தத் தோப்புகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் மருதாநதி, கீழ்மலை என்று சொல்லும் தாண்டிக்குடிப் பக்கத்துச் சரிவுகளில் காப்பித் தோட்டத்து நிழலுக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே கசிந்து ஓடிவருவது. மேலே மரம் போனால் கீழே கிணறு போகும். கொக்கோ விவசாயிக்கு உதவ வருகிறவர்கள் இந்த ஒரு தொடர்பைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் தானாகவே குறையும். பெரும்பாலும் பிடிப்பதில்லை. தோப்புக்கு ஒரு திட்டம், காட்டுக்கு ஒரு திட்டம், இரண்டுக்கும் தனித்தனி பேனர்.

"கொக்கோ நிழலில் வளரும் மரம், அதனால் காட்டுக்கு நல்லது" என்ற பேச்சை அப்படியே நம்புவது அடுத்த தவறு. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிப்பவை ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். ஐவரி கோஸ்ட்டில் 1960-களில் இருந்த மழைக்காட்டில் பெரும்பகுதி இன்று இல்லை, அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கொக்கோ. புதிதாக வெட்டிய காட்டு மண்ணில் உரம் இருக்கும், களை குறைவு, நிழலை எடுத்துவிட்டால் முதல் சில வருஷம் காய் கொட்டும். இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் மரம் கிழடாகி மண்ணும் ஓய்ந்துபோகும். பழைய தோட்டத்தைத் திருத்துவதைவிட அடுத்த காட்டுத்துண்டுக்குப் போவது மலிவு. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் போட்டது: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு வெட்டிய நிலத்தில் விளைந்த கொக்கோ அங்கே நுழையக்கூடாது. அமலாக்கத்தைத் தள்ளித்தள்ளி வைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நம் ஊரில் யாரும் கொக்கோவுக்காகச் சோலையை வெட்டவில்லை, அந்த மட்டில் நிம்மதி. இங்கே நடப்பது வேறு மாதிரி, சத்தமில்லாமல். காப்பித் தோட்டத்தில் நின்ற பலா, அத்தி, நாவல் ஒவ்வொன்றாகப் போய் அந்த இடத்தில் சில்வர் ஓக் வரும். நேராக வளரும், மிளகுக்கொடி ஏறும், பிறகு தடியாக விற்கலாம். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், அத்திமரம் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் இருவாச்சி, மலை அணில், பழம் தின்னும் வௌவால் எல்லாம் அத்தியை நம்பித்தான் இருக்கின்றன. கீழே மலையடிவாரத் தோட்டங்களில் கொக்கோ வைக்கிறோம் என்று போகிறவர்கள் "நிழல் ஜாஸ்தி" என்று முதலில் கை வைப்பதும் இதே மரங்களில்தான். கொக்கோவுக்குப் பாதி வெயில், பாதி நிழல் போதும், இளங்கன்றுக்கு இன்னும் கூடுதல் நிழல் வேண்டும். அதற்குக் கிளை கழித்தால் போதும், மரத்தைச் சாய்க்க வேண்டாம். தவிர, மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வாங்கவேண்டும் என்று 1955-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

சரி, கன்றுக்கு வருவோம். இதில் நானே குற்றவாளி. சில வருஷங்களுக்கு முன் வெளியூர்க் குழு ஒன்றோடு சேர்ந்து ஆனி மாதத்தில் 200 கன்று நட்டோம். கேரளத்துக் கையேட்டில் ஜூன் என்று இருந்தது, அதையே வைத்துக்கொண்டோம். கேரளத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. பழனி மலையின் இந்தக் கிழக்குப் பக்கத்துக்கோ ஐப்பசி, கார்த்திகைதான் பிரதான மழை. ஆடிக்காற்று இலையைக் கிழித்தது. தப்பியதைப் பங்குனி வெயில் பார்த்துக்கொண்டது. மறு சித்திரையில் உயிரோடு இருந்தது 31. தோப்புக்கார அம்மா ஒருவர் திட்டவெல்லாம் இல்லை, "கன்னு குடுத்தீக தம்பி, தண்ணி யாரு குடுப்பா?" என்று மட்டும் கேட்டார். குழுவின் அறிக்கையில் 200 என்றுதான் போயிற்று. நட்ட எண்ணிக்கையைச் சொல்கிறவரிடம், இரண்டாவது கோடையைத் தாண்டியது எத்தனை என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கன்றோடு நின்றுவிடுவது. கொக்கோவின் காசு மரத்தில் பாதிதான், மீதி பெட்டியில். காயை உடைத்தால் வெள்ளைச் சதை மூடிய 30, 40 கொட்டைகள் இருக்கும். சதையைச் சப்பினால் இனிப்பும் புளிப்புமாகச் சீத்தாப்பழச் சாயல். கொட்டையைக் கடித்தால் கசப்பு, சாக்லேட் வாசனை துளியும் கிடையாது. அது பிறப்பது புளிக்கவைப்பதில்தான். அடியில் துளை போட்ட மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலையும் சாக்கும் போட்டு மூடினால் முதல் நாள் கள்ளு வாசம் வரும். மூன்றாம் நாள் சாக்கை விலக்கினால் காடி நெடி கண்ணில் நீர் வரவைக்கும். கையை உள்ளே விட்டால் சுடும், 45 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை முளைப்புச் சக்தியை இழந்து, உள்ளே கசப்பு குறைந்து, வாசனைக்கான பொருள்கள் உருவாகின்றன. அன்றைக்கு ஒருமுறை கிளறி, ஐந்தாம் நாள் மறுபடி கிளறி, ஆறேழு நாளில் எடுத்து வெயிலில் போடவேண்டும். ஈரம் 7 சதவீதத்துக்கு இறங்கியதும் ஒரு கைப்பிடி அள்ளி நெரித்தால் சருகு மிதித்த மாதிரி சத்தம் கேட்கும். கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: உள்ளே பழுப்பாக, வெடிப்பு ஓடி இருந்தால் சரி. சிலேட் நிறத்தில் கெட்டியாக இருந்தால் புளிக்கவேயில்லை.

சுமார் மூன்று கிலோ ஈரக்கொட்டை காய்ந்தால் ஒரு கிலோ. பெட்டி இல்லாத விவசாயி ஈரக்கொட்டையாகவே, வருகிற வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார். காயை உடைத்தெடுத்த கொட்டை காத்திருக்காது அல்லவா. ஐந்தாறு கிலோவைத் தனியாளாகப் பெரிய பெட்டியில் போட்டால் சூடும் ஏறாது. எனவே பத்து வீட்டுக்கு ஒரு பொதுப் பெட்டி, ஒரு காயவைக்கும் களம், ஒரு தராசு, எந்த நாள் யார் கிளறுவது என்று எழுதிவைத்த ஒரு நோட்டு. நன்கொடைக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. படத்தில் அழகாக விழாது, அவ்வளவுதான்.

அப்புறம், தோப்பைக் கூட்டிப் பெருக்கி 'சுத்தமாக' வைக்கச் சொல்லும் ஆலோசனை. கொக்கோப் பூ அடிமரத்திலும் தடித்த கிளையிலும் நேராகவே பூக்கும், சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதற்கு மகரந்தம் சுமப்பது தேனீ இல்லை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பொடி ஈ. அது முட்டையிடுவது ஈரச்சருகிலும், அழுகும் வாழைத்தண்டிலும், உடைத்துப்போட்ட காய் ஓட்டிலும். எல்லாவற்றையும் வாரி எரித்துவிட்டுப் பூக்கும் நேரத்தில் மருந்தும் அடித்தால், காய் பிடிக்கவில்லை என்று பிறகு மரத்தைத் திட்டிப் பயனில்லை. கறுப்பழுகல் பிடித்த காயை மட்டும் எடுத்துப் புதைக்கவேண்டும், மற்றது கிடக்கட்டும். அணிலும் எலியும் காயைக் குடைவது உண்மைதான். விஷம் வைப்பதைவிட, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை விடாமல் பழுத்ததைப் பறித்துவிடுவது பலன் தரும்.

உதவிக் கூட்டம் என்றால் காலை 11 மணிக்கு, பட்டாதாரர்களுக்கு. கீழ்மலைத் தோட்டங்களில் கூலி வேலை பார்க்கும் பளியர் பழங்குடியினரும் தோட்டத்துப் பெண்களும் அந்நேரம் வேலையில் இருப்பார்கள், வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. எந்தச் சரிவில் ஊற்று வற்றியது, எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பது தெரிந்தவர்கள் அவர்கள். தேனும் கல்பாசியும் எடுத்துப் பிழைக்கும் காட்டின் மேல் அவர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமையும் உண்டு, கிராமசபைக்கு அதில் முக்கிய இடமும் உண்டு. அவர்கள் இல்லாமல் 'காட்டைக் காக்கும் குழு' அமைப்பது, சமையல்காரர் இல்லாமல் பந்தி போடுவது. கூட்டத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாற்றுவதற்கு ஒரு பைசா ஆகாது.

சாக்லேட் உறைமேல் போடும் சான்று முத்திரைகள் பற்றி ஒரு வார்த்தை. பச்சைத் தவளை போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்றவை ஒன்றுமில்லாததற்கு மேல்தான். ஆனால் 'அளவுச் சமன்' என்ற முறையில் சான்று பெற்ற கொட்டையும் பெறாத கொட்டையும் ஆலையில் கலக்கலாம், வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் ஒத்துப்போனால் போதும். உங்கள் கையில் இருக்கும் துண்டு அந்தத் தோட்டத்துடையது என்று அர்த்தமில்லை.

கடைசியாக விலை. 2023 தொடக்கத்தில் நியூயார்க்கில் டன் 2,600 டாலர் அளவில் இருந்த கொக்கோ, 2024 டிசம்பரில் 12,000-ஐத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் மழை தவறியதும் நோயும் கிழட்டு மரங்களும் சேர்ந்து செய்த வேலை. ஐவரி கோஸ்ட்டில் பருவத் தொடக்கத்திலேயே அரசு விலை கட்டிவிடுவதால் அந்த ஏற்றம் அங்குள்ள விவசாயிக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. 2024 கோடையில் இடுக்கியில் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டதும் இங்கே தென்னைக்கு நடுவே இருந்த வாழையை எடுத்துவிட்டுக் கொக்கோ வைக்கப் பலர் கிளம்பினார்கள். கன்று காய்க்க மூன்று வருஷம், 2025 முடிவதற்குள் உலக விலை பாதிக்கும் கீழே. உச்ச விலையைப் போட்டு லாபக் கணக்கு காட்டும் திட்ட அறிக்கையோடு யாராவது வந்தால், அதில் பாதி விலையைப் போட்டு மறுபடி கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். தென்னை, வாழை, மிளகோடு கொக்கோ நாலாவது வருமானமாக நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.