"ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்காதீர்கள்

முதலாண்டு மாணவர்களுக்குத் துணை நிற்கும் சீனியர்களுக்கு ஒரு யோசனை. "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இ-சேவை மையத்துக்குப் போகிறேன், நீயும் வருகிறாயா?" என்று கூப்பிடுங்கள்.

முதல் கேள்விக்குப் பாம்பன், தொண்டிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான்: "இல்லை அண்ணா." கஷ்டத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும் கேள்வி அது, யாருக்குத்தான் வாய் வரும்? சேர்ந்து நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை; பேச்சு தானாக வரும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது முடிந்த கையோடு கல்லூரி திறப்பதால் வீட்டில் கையிருப்பு கரைந்திருக்கும். இதையெல்லாம் வழியில்தான் சொல்வார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்காக வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

மாணவிகளைக் கூப்பிட ஓர் அக்காதான் போக வேண்டும். ராகிங், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு என்றால் இந்த நடை போதாது: அன்றே ஒரு பேராசிரியரிடம் சொல்லுங்கள். ராகிங்குக்கு 1800-180-5522, மனநலத்துக்கு 14416.