லினக்ஸில் பாடும்போது உங்கள் குரல் பிந்திக் கேட்கிறதா? கர்னலைச் சரிசெய்யும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாட்டு சொல்லித்தரும் அக்கா ஒருவர், டெபியன் 13 (லினக்ஸின் ஒரு வகை) போட்ட லேப்டாப்பில் வீட்டிலேயே பதிவு செய்ய ஆரம்பித்தார். ஹெட்போனில் அவர் குரல் அவருக்கே பிந்திக் கேட்டதால் தாளம் நிற்கவில்லை. பஃபரை, அதாவது ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைக்கும் தற்காலிக இடத்தைக் குறைத்தால் ஒலி படபடவென்று வெட்டியது. அதைத் தீர்த்த வழி இது. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டுவது ஆங்கிலச் சிறிய எழுத்தில். க்ரப், டிஎல்பி கோப்புகளில் அடிக்கோட்டோடு வரும் வரிப் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

லினக்ஸில் ஒலியைக் கையாளும் மென்பொருளான பைப்வயரின் வழக்கமான பஃபர் 1024 சாம்பிள் (ஒலியின் அளவீடுகள்). 48,000 ஹெர்ட்ஸில் அது 21 மில்லிசெகண்ட். 128 ஆக்கினால் 2.7 மில்லிசெகண்ட்தான். அந்தச் சின்ன இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒலிக்கான வேலைக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தவறாமல் வழிவிட வேண்டும். சராசரி வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, ஒரே ஒருமுறை பிந்தினால் அங்கே ஒரு ‘டப்’ கேட்கும்.

முதல் வேலை க்ரப், அதாவது கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் நிரல். ஈடிசி, டீஃபால்ட் கோப்புறைக்குள் உள்ள க்ரப் கோப்பைத் திறந்து, க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட் வரியின் மேற்கோளுக்குள் ‘ப்ரீஎம்ப்ட்=ஃபுல் த்ரெட்ஐஆர்க்யூஸ்’ என்று சேருங்கள். பிறகு ‘சுடோ அப்டேட்-க்ரப்’. அவசர வேலைக்கு உரிய நேரத்தில் வழிவிடவே அமைத்த தனி ரியல்டைம் கர்னலைத் தேடி கம்பைல் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல வருடங்கள் வெளியே பேட்ச்சாக (தனியே சேர்க்க வேண்டிய மாற்றமாக)  இருந்த ரியல்டைம் வசதி 2024இல் 6.12 பதிப்போடு மூலக் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. டெபியனே அதைத் தனிப் பொதியாகத் தருகிறது. வீட்டுப் பதிவுக்கு அதுகூட அநேகமாகத் தேவைப்படாது.

அடுத்தது அனுமதி. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கர்னல் எவ்வளவு தயாராக இருந்தாலும், முன்னுரிமை கேட்க உங்கள் பயனருக்கு உரிமை இல்லாவிட்டால் எல்லாம் வீண். ‘சுடோ ஆட்யூசர் உங்கள்-பயனர்பெயர் ஆடியோ’ என்று குழுவில் சேருங்கள். அப்புறம் ஈடிசி, செக்யூரிட்டி, லிமிட்ஸ்.டி கோப்புறையில் ஆடியோ.கான்ஃப் என்ற கோப்பை உருவாக்கி இந்த இரண்டு வரிகளை எழுதுங்கள்:

@ஆடியோ - ஆர்டிப்ரயோ 95
@ஆடியோ - மெம்லாக் அன்லிமிடெட்

இப்போது ரீபூட். லாக் அவுட் போதும் என்பார்கள். ஆனால் பின்னணிச் சேவைகள் சில நேரம் பழைய உரிமையோடு ஓடிக்கொண்டே இருக்கும். ‘யூலிமிட் -ஆர்’ தட்டினால் 95 வரவேண்டும். 0 வந்தால் குழுப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள். இது சரியாகாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

சரி, சோதனை. ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 க்ளாக்.ஃபோர்ஸ்-க்வான்டம் 128’ கொடுத்துவிட்டு, இன்னொரு டெர்மினலில் பிடபிள்யூ-டாப் ஓடவிட்டுப் பாடிப் பாருங்கள். பிழைகளை எண்ணும் எர்ர் பத்தியில் எண் ஏறாமல் நின்றால் வெற்றி. ஏறினால் 128க்குப் பதில் 256 வையுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள்.

பின்சேர்க்கை: புதுச்சேரி வாசகர் ஒருவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் கரண்ட் போனதும் ஒலி வெட்டியது. டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருள் போட்ட லேப்டாப், பேட்டரிக்கு மாறியதும் சிபியுவை மின்சேமிப்புக்குத் தள்ளிவிடுகிறது. டிஎல்பி அமைப்பில் சிபியு_எனர்ஜி_பெர்ஃப்_பாலிசி_ஆன்_பேட் வரியை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றினால் பதிவு தடைபடாது. பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கும்.