எயார்பேக் லைட் அணையவில்லையா? சென்சர் வாங்கும் முன் சொக்கெட்டைப் பாருங்கள்

திறப்பைப் போட்டு ஓன் செய்ததும் டாஷ்போட்டில் சிவப்பு நிறத்தில் ஒரு லைட் எரியும். சீட்டில் இருக்கும் ஒருவர், அவருக்கு முன்னால் ஒரு பந்து. சுமார் 6 செக்கனில் அது அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஓட்டத்தில் திடீரென்று எரிந்தாலோ எயார்பேக் அமைப்பில் எங்கோ பிழை இருக்கிறது. கார் வழமைபோலவே ஓடும் என்பதால் பலர் இதை மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த லைட் எரியும் காரில், முட்டும் நேரத்தில் பை விரியாமல் போகலாம்.

திறப்பை ஓன் செய்யும்போது லைட் எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். பல்பைக் கழற்றியோ வேறு வயரில் இணைத்தோ பிழையை மறைத்திருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, காரைதீவு என்று நம் கரையோரம் முழுக்க உப்புக்காற்று. மாரியில் வெள்ளம் நிற்கும் வீதிகளில் ஓடினால் தண்ணீர் காருக்குள்ளும் ஏறும். கார்பெட்டை வெயிலில் காயப்போடுகிறோம், சீட்டுக்கு அடியில் வயர்களை இணைக்கும் சொக்கெட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் மோதலை உணரும் சென்சர் பழுதாவதைவிட சொக்கெட் பூத்துப்போவதே அதிகம் என்று நினைக்கிறேன்.

முதலில் பற்றரி. எஞ்சினை நிறுத்தி ஓய்வில் விட்ட பற்றரி 12.4 வோல்ற்றுக்கு மேல் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை இருக்கலாம். சில கார்களில் வோல்ற்றேஜ் குறைந்தாலே எயார்பேக் லைட் வரும்.

அடுத்தது ஸ்கேன். கைத்தொலைபேசியோடு இணைக்கும் மலிவான கருவிகளில் பெரும்பாலானவை எஞ்சின் பிழைகளை மட்டுமே வாசிக்கும். எயார்பேக் பகுதிக்குள் போகக்கூடிய ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜுக்குப் போங்கள். வரும் பிழைக் குறியீட்டை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். டொயோட்டா கார்களில் B1610 என்றால் முன் வலப்பக்க சென்சர் இணைப்பு, B1615 என்றால் முன் இடப்பக்கம். இதைப் பார்த்தவுடன் சென்சர் செத்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். சென்சர், அதன் சொக்கெட், அங்கிருந்து போகும் வயர், மறுமுனைச் சொக்கெட், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய ஐந்தில் எது கெட்டாலும் அதே குறியீடுதான் வரும். அழித்தவுடனே திரும்பி வந்தால் பிழை நிலையானது. குழியில் விழுந்து எழும்பும்போது மட்டும் வந்தால் எங்கோ லூஸ்.

கை வைக்கும் முன். திறப்பை ஓஃப் செய்து, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். எயார்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். டொயோட்டா குறைந்தது 90 செக்கன் காத்திருக்கச் சொல்கிறது, ஹொண்டா 3 நிமிடம். நான் 10 நிமிடம் விடச் சொல்வேன், அதனால் ஒன்றும் குறையாது. எயார்பேக்குக்குப் போகும் சொக்கெட்டுகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஸ்டியரிங்கிலோ சீட்டிலோ உள்ள பையின் முனைகளில் மல்டிமீற்றரை ஒருபோதும் வைக்காதீர்கள். ஓம் அளக்க மீற்றர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யலாம். ஹோர்னும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் ஸ்டியரிங்குக்குள் உள்ள சுருள் கேபிள் அறுந்திருக்கக்கூடும். அது பழகியவர் கைக்குரிய வேலை, புதியவர் தொடக்கூடாது.

இனி சொக்கெட். முன் சென்சர் பெரும்பாலும் பம்பருக்குப் பின்னால், ரேடியேற்றர் பக்கம் உள்ள இரும்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இடம் காருக்குக் கார் மாறும். லொக்கை அழுத்தி மெதுவாக இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். நல்ல பின் பளபளவென்று இருக்கும். உப்பு பிடித்தது பச்சையாகவோ வெள்ளைப் பொடி படிந்தோ இருக்கும். சில நேரம் ஒரு பின் மட்டும் பின்பக்கம் தள்ளுண்டு மற்றவற்றைவிட ஆழத்தில் கிடக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. சொக்கெட் வாயைச் சுற்றியுள்ள இறப்பர் வளையம் வெடித்திருந்தால் தண்ணீர் போன வழி அதுதான். எலக்ட்ரிக்கல் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 'கிளிக்' கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல் பூச்சு போய்விடும். குறியீடு பக்கப் பையையோ சீட் பெல்ட்டையோ காட்டினால் இதே கண்ணோடு சீட்டுக்கு அடியிலும் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவதால் அங்கே வயர் இழுபடும்.

வயரை அளப்பது வரைபடம் கையில் இருந்தால் மட்டும். சென்சர் பக்கமும் பெட்டிப் பக்கமும் இரண்டையும் கழற்றிய பின் சென்சர் வயரை மட்டும் அளக்க வேண்டும். 1 ஓமுக்குக் குறைவாக இருந்தால் நல்லது, காரின் இரும்பு உடலோடு தொடர்பு காட்டக்கூடாது. பெட்டியின் சொக்கெட்டில் பைகளுக்குப் போகும் முனைகளும் பக்கத்திலேயே இருப்பதால், வரைபடம் இல்லாவிட்டால் இந்த இடத்தில் நிறுத்தி வயரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். வயர் கெட்டிருந்தால் முறுக்கி டேப் சுற்றுவது இந்த அமைப்பில் கூடவே கூடாது.

எல்லாம் சரி, ஆனாலும் குறியீடு வருகிறதா? அப்போது சென்சரை மாற்றலாம். அதைத் திறந்து திருத்த முடியாது. பாகத்தின் இலக்கம் அப்படியே ஒத்திருக்க வேண்டும். கீழே விழுந்ததையோ, முட்டிய காரில் கழற்றியதையோ வாங்காதீர்கள். அம்புக்குறி இருந்தால் கையேடு சொல்லும் திசையில் வைத்து, துரு இல்லாத இரும்பில் உரிய அளவுக்கு இறுக்குங்கள். அது ஆடினால் மோதலைச் சரியாக உணராது.

எல்லாச் சொக்கெட்டையும் போட்ட பிறகே பற்றரியை இணையுங்கள், அப்போது காருக்குள் யாரும் இருக்கக்கூடாது. குறியீட்டை அழித்து, திறப்பை ஓன் செய்து பாருங்கள். லைட் எரிந்து 6 செக்கனில் அணைந்தால் ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

இந்த லைட் காட்டாத ஆபத்தும் ஒன்று உண்டு. தகாடா நிறுவனம் செய்த எயார்பேக்குகளில் பலவற்றின் வெடிமருந்து சூட்டிலும் ஈரப்பதனிலும் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறடித்திருக்கிறது. நம்மூர்ச் சூடும் ஈரமும் அதற்குத் தோதானவை. ஜப்பானில் இருந்து வந்த பழைய கார் என்றால், காரைச் செய்த கம்பனியின் ஜப்பானிய இணையத்தளத்தில் செசி இலக்கத்தைக் கொடுத்து, பழுதைத் திருத்த அந்தக் காரைத் திரும்ப அழைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள்.