மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் இங்கிலாந்து மருத்துவமனைக்குச் செல்லும்போது

சென்னையிலோ மதுரையிலோ ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன், முன்கையில் சிறிதளவு மருந்தைச் செலுத்தி, தடிப்பு வருகிறதா என்று செவிலியர் காத்திருந்து பார்ப்பது நமக்குப் பழகிய காட்சி. இங்கிலாந்தில் அந்த ‘டெஸ்ட் டோஸ்’ வழக்கம் இல்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் சொல்வதையும் உங்கள் பதிவில் இருப்பதையும் வைத்தே இங்கு மருந்தை முடிவு செய்கிறார்கள். ஊரில் உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் கோப்பு இங்குள்ள கணினிக்குத் தானாக வந்து சேராது.

ஆகவே ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பெயர் பதியும் நாளிலேயே ஒவ்வாமையையும் பதிந்துவிடுங்கள். அங்கே எழுதப்படுவது சம்மரி கேர் ரெக்கார்டு என்ற சுருக்கமான மின்னணு மருத்துவப் பதிவு வழியாக, நள்ளிரவில் உங்களைப் பார்க்கும் அவசரப் பிரிவு மருத்துவருக்கும் தெரியும். தந்தை பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் தந்தை பெயர் முன்னாலும் மற்றோரிடத்தில் பின்னாலும் இருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் உருவாகி, ஒவ்வாமை அவற்றில் ஒன்றில் மட்டும் தங்கிவிடக்கூடும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுத்து, என்எச்எஸ் என்னும் அரசு மருத்துவச் சேவையில் உங்களுக்குரிய 10 இலக்க எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மருந்தின் பெயர், எதற்காகக் கொடுத்தார்கள், எத்தனையாவது வேளையில் என்ன நேர்ந்தது, எந்த ஆண்டில் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கும் குமட்டலும் பெரும்பாலும் பக்கவிளைவுகளே. உடல் முழுதும் அரிப்புத் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், தோல் கொப்புளம் ஆகியவை வேறு வகை. ‘மருந்து சூடு’ என்று நாம் சொல்வது இங்குள்ளவர்களுக்கு விளங்காது. உடலில் நேர்ந்ததை நேர்ந்தபடியே சொல்லுங்கள், அது ஒவ்வாமையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

என் மாமியாரை ஒருமுறை இங்கே வார்டில் சேர்த்தபோது, ‘அலர்ஜி உண்டா’ என்ற கேள்வி உணவைப் பற்றியது என்று எண்ணிக் கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டார். செப்ட்ரான் மாத்திரையால் முன்பு உடலெங்கும் கொப்புளம் வந்தது மறுநாள்தான் அவர் நினைவுக்கு வந்தது. மூத்தவர்களிடம் வீட்டிலேயே பொறுமையாகக் கேட்டு எழுதி வையுங்கள். மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஊரில் நமக்குத் தெரிந்தவை பிராண்டு பெயர்கள்; இங்கே பெரும்பாலும் மருந்தின் மூலப்பெயரையே சொல்வார்கள். செப்ட்ரான் இங்கே கோ-டிரைமாக்ஸசோல். வோவெரான் என்பது டைக்ளோஃபெனாக். ஆக்மென்டின் என்பது கோ-அமாக்ஸிக்ளாவ். கோ-அமாக்ஸிக்ளாவ், ஃப்ளூக்ளாக்ஸசிலின், டாசோசின் மூன்றும் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் புலப்படாது. மாத்திரைகளைத் தனியே ஒரு டப்பாவில் கொட்டி எடுத்துச் செல்லாமல், பெயர் அச்சிட்ட அட்டையோடு கொண்டு செல்லுங்கள். சித்த மருந்து, லேகியம் எதுவானாலும் வார்டு மருந்தாளரிடம் காட்டுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் எதையும் உட்கொள்ள வேண்டாம்.

பல மருத்துவமனைகளில் ஒவ்வாமை உள்ளவர் கையில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். பட்டை இருந்தாலும் மருந்து தரும் ஒவ்வொருவரும் பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை மூன்றையும் மறுபடி கேட்கக்கூடும். சலிப்படையாமல் ஒவ்வொரு முறையும் முழுமையாகச் சொல்லுங்கள். கேட்காமல் நீட்டினால், ‘இது என்ன மருந்து, இதில் பென்சிலின் உண்டா’ என்று நீங்களே கேளுங்கள். டாக்டர், நர்ஸ் மீதுள்ள மரியாதையால் வாய் திறக்காமல் விழுங்குவது நம்மவர் பழக்கம். இங்கே அந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மருந்து ஏறும்போது தொண்டை இறுகுவதுபோலவோ மூச்சு அடைப்பதுபோலவோ தோன்றினால் நொடியும் தாமதிக்காமல் அழைப்பு மணியை அழுத்துங்கள்.

மருத்துவமனையில் ஏதேனும் ஒவ்வாமை நேர்ந்தால், மருந்தின் பெயரையும் நேர்ந்ததையும் எழுத்தில் வாங்கிக்கொண்டே வீடு திரும்புங்கள். அது ஜிபி பதிவில் ஏறியிருக்கிறதா என்று ஓரிரு வாரங்களில் விசாரியுங்கள். மருந்துகளால் நேரும் பாதிப்புகளைத் திரட்டும் யெல்லோ கார்டு திட்டத்தில் நோயாளியே நேரடியாகவும் தெரிவிக்கலாம்.

சிறு வயதில் எப்போதோ தடிப்பு வந்தது என்று அம்மா சொன்னதை மட்டும் வைத்துப் பென்சிலின் ஒவ்வாமை என்று பதிந்திருப்பவர்களும் நம்மில் உண்டு. அப்படிப் பதிவானவர்களைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேர் வரை உண்மையான ஒவ்வாமை இல்லாதவர்களாக இருக்கிறார்கள். அதுவரை அவர்களுக்குப் பொருத்தமான மருந்து மறுக்கப்பட்டு, பக்கவிளைவு மிகுந்த வேறு ஆன்டிபயாடிக் தரப்படுகிறது. நீங்களாகப் பென்சிலினைச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை கிளினிக்குக்கு அனுப்ப முடியுமா என்று உங்கள் ஜிபியிடம் கேளுங்கள்.