அப்பாவைச் சாப்பிடவிடாமல் தடுத்தது வாய்ப்புண்தான்

கீமோதெரபி தொடங்கிய பிறகு அப்பாவின் எடை 61 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு இறங்கிவிட்டது. எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்கியதுபோல இருக்கிறது என்றார். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துக் கொடுத்தும் பயனில்லை. புரதப் பவுடர் குமட்டலைத்தான் கூட்டியது. பசியைத் தூண்டும் மருந்து கொடுத்தபோது ஆசையாகத் தட்டை இழுத்துக்கொண்டவர், இரண்டாவது வாயிலேயே நிறுத்திக்கொண்டார்.

பசியே இல்லாதவர் முதல் வாயையும் எடுக்க மாட்டாரே என்று தோன்றியதால், பல்செட்டைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். அது பதிந்திருந்த மேலண்ணம் செக்கச்செவேலென்று சிவந்திருக்க, ஓரங்களில் வெள்ளைத் திட்டுகள் படிந்திருந்தன. நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்போது வரும் பூஞ்சைத் தொற்று இது என்று புற்றுநோய் மருத்துவர் உறுதிசெய்து, வாயில் வைத்திருந்து விழுங்கும் நிஸ்டாட்டின் மருந்தை எழுதிக் கொடுத்தார். மருந்து படும்படி பல்செட்டைக் கழற்றிவிட்டே அதைக் கொடுக்க வேண்டும். பல்செட்டையும் தினமும் தேய்த்துக் கழுவி, இரவில் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் தொற்று அதிலிருந்தே திரும்ப வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

எரிச்சல் அடங்கிய பிறகும் இரும்புச் சுவை கொஞ்சம் மிச்சமிருந்தது. உலோகக் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்து, வாசனை எழாதபடி உணவை ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிய கிண்ணத்தில் வைத்ததும் அதுவும் தொல்லை தரவில்லை. இப்போது எடை 57 கிலோ.