வருமான வரிக்குப் பதில் இறக்குமதி வரி: கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

டல்லாஸில் இருக்கும் என் மச்சான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான்: "மச்சான், இறக்குமதி வரியே போதுமாம். இனிமே எங்களுக்கு இன்கம் டாக்ஸே கிடையாதாம்!" 2024 தேர்தல் சமயத்தில் டிரம்ப் கிளப்பிய பேச்சு அது. நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். வாதாடாமல் ஒரு தாளை எடுத்தேன். பத்து நிமிஷ வேலை, நீங்களும் போடலாம்.

டிரில்லியன் என்றதும் மிரள வேண்டாம். நம் லட்சம் கோடிதான் அது. தாளின் மேலே மூன்று எண்களை எழுதுங்கள். 2024இல் அமெரிக்க மத்திய அரசுக்குத் தனிநபர் வருமான வரியில் வந்தது சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். சுங்க வரியில் வந்தது சுமார் 7,700 கோடி டாலர். அந்த நாடு இறக்குமதி செய்த சரக்கின் மதிப்பு சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். சாஃப்ட்வேர் மாதிரி சேவைகளை இதில் சேர்க்காதீர்கள், அவை துறைமுகம் வழியாக வருவதில்லை.

2.4ஐ 3.3ஆல் வகுத்தால் 73% வருகிறது. எல்லாச் சரக்குக்கும் 73% போட்டால் சரியாகிவிடும் என்று பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். அவ்வளவு வரி போட்டபின் அதே அளவு சரக்கை யார் வாங்குவார்கள்? இறக்குமதி பாதியானதாக வைத்துக்கொண்டு மறுபடி பெருக்குங்கள்: 1.2 லட்சம் கோடிதான் தேறும். மீதியைப் பிடிக்க 145% போட வேண்டும். போட்டால் சரக்கு இன்னும் குறையும். வசூல் வேண்டுமென்றால் சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்; உள்ளூர்த் தொழிலைக் காக்க வேண்டுமென்றால் சரக்கு வரக் கூடாது. இரண்டையும் ஒரே வாயால் சொல்பவரிடம் இந்தத் தாளை நீட்டுங்கள்.

அடுத்து, கட்டுவது யார் என்று பாருங்கள். இது எனக்குக் கைவந்த விஷயம். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரி 16.5%. எஃப்ஓபி விலை, அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, 4 டாலர் என்றால் 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50% ஆனபோது அதுவே 2 டாலர் 66 சென்ட் ஆனது. அதைச் சுங்கத்தில் கட்டியவர் அங்கிருக்கும் இறக்குமதியாளர், நாங்கள் அல்ல. ஆனால் மறுநாளே மெயில் வந்துவிட்டது, விலையைக் குறையுங்கள் என்று. நாங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். மீதி அவர் லாபத்திலோ கடை விலையிலோதான் ஏறியாக வேண்டும். 2018இல் வாஷிங் மெஷினுக்கு வரி போட்டபோது விலை சுமார் 12% ஏறியது. வேடிக்கை என்னவென்றால், வரியே போடாத டிரையரும் (துணி உலர்த்தும் மெஷின்) கூடவே ஏறியது. இரண்டையும் ஜோடியாகத்தானே விற்கிறார்கள்! 2024இல் 14,600 டாலருக்குள் சம்பாதித்த தனியாளுக்கு வருமான வரியே கிடையாது. அவருக்கு மிச்சமாகப் போவது எதுவும் இல்லை, டி-ஷர்ட் விலை மட்டும் ஏறும்.

"அந்தக் காலத்தில் அப்படித்தானே ஓடியது?" என்பார்கள். ஓடியது உண்மை. 1913க்கு முன் சுங்கமும், மது புகையிலை மீதான வரியும்தான் பெரும்பகுதி. ஆனால் அன்று மத்திய அரசின் செலவு பொருளாதாரத்தில் 2, 3 சதவீதம். இன்று 20க்கு மேல். அப்படியிருந்தும் உள்நாட்டுப் போர் வந்ததும் சுங்கம் போதாமல் 1861இல் வருமான வரி கொண்டுவந்தார்கள், 1872இல்தான் அது போனது. 1913இல் சுங்க வரியைக் குறைத்த அதே சட்டம்தான், அந்த இழப்பை ஈடுகட்ட வருமான வரியை மறுபடி கொண்டுவந்தது.

கடைசியாக ஒரு சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மச்சானை அனுப்பச் சொன்னேன். மத்திய வருமான வரி ஒரு வரிசை. அதற்குக் கீழே ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி 6.2%, முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் 1.45%. இவை தனிப் பிடித்தம். வருமான வரி போனாலும் இவை போகாது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் சீட்டு அதோடு முடிந்தது.

அரை மணி நேரம் கழித்து மச்சானிடமிருந்து பதில் வந்தது: "சரி மச்சான், ஊருக்கு வரும்போது பனியன் அங்கேயே வாங்கிக்கிறேன்."