செறிவூட்டிய யுரேனியத்தை ஏற்றிச் செல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து அமிலமும் குரோமிய உப்பும் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கு அபாயகரச் சரக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும்போது, கதிரியக்கப் பகுதிக்கு வந்தவுடன் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: கதிர்வீச்சு மீட்டரில் அளவு குறைவாக இருந்தால் சரக்கால் தொல்லையில்லை. வேலூர் மருத்துவமனைகளுக்கு வரும் அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்துப் பொட்டலத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். செறிவூட்டிய யுரேனியத்துக்கு, அதாவது எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 வகையின் பங்கைக் கூட்டிய யுரேனியத்துக்கு, இதுவே முதல் தவறு.

அணு உலையில் இன்னும் பயன்படுத்தப்படாத யுரேனிய எரிபொருள் வெளிவிடும் கதிர்வீச்சு மிகக் குறைவு. அதிலுள்ள ஆபத்து வேறு வகையானது. யுரேனியம்-235 அணு ஒன்று பிளக்கும்போது சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளிவருகின்றன. அவற்றுள் சராசரியாக ஒன்றாவது அடுத்த பிளவை உண்டாக்கினால் தொடர்வினை தானாகவே நீடிக்கும். அதைத்தான் மாறுநிலை என்கிறோம். பொருளின் அளவு, வடிவம், அதைச் சுற்றியுள்ளவை ஆகிய எல்லாம் சேர்ந்து இந்நிலையை முடிவு செய்வதால், அந்த எல்லையைத் தாண்டும் கணம் வரை மீட்டரை மட்டும் நம்பியிருப்பவருக்கு எச்சரிக்கை கிடைக்காது.

இதனால்தான் இத்தகைய பெட்டிகளில் இரண்டு எண்கள் இருக்கும். போக்குவரத்துக் குறியீட்டு எண் கதிர்வீச்சுக்கானது. ஒரு மீட்டர் தொலைவில் மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்பதை 100ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். மாறுநிலைப் பாதுகாப்புக் குறியீட்டு எண்ணோ தனியாக வெள்ளை லேபிளில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றை மற்றொன்றாகப் படிப்பதும், வண்டியிலுள்ள எல்லாப் பெட்டிகளின் இரண்டாவது எண்ணையும் கூட்டிப் பார்க்காமல் விடுவதும் சாதாரணமாக நேரும் பிழைகள். சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகளின்படி, பிற சரக்குகளும் ஏறும் வண்டியில் அந்தக் கூட்டுத்தொகை பொதுவாக 50ஐத் தாண்டக் கூடாது. வழியில் இறக்கி வைத்தாலும் ஒவ்வொரு குவியலும் 50க்குள் இருந்து, குவியல்களுக்கிடையே குறைந்தது 6 மீட்டர் இடைவெளி வேண்டும்.

இடைவெளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பக்கத்து லாரி ஷெட்டுகளில் வளர்ந்த கைகளுக்கு இதுவே மிகக் கடினம். தோல் கட்டோ டிரம்மோ எதுவானாலும், வண்டியில் ஒரு சாண் வெற்றிடம் இருந்தால் அது வாடகை நஷ்டம் என்று பழகியிருக்கிறோம். எரிபொருள் பெட்டிக்குள் இருக்கும் சட்டகமும் வெற்றிடமும் பொருளைத் தள்ளி வைப்பதற்காகவே கணக்கிடப்பட்டவை. அதிர்வு குறையட்டும் என்று நல்லெண்ணத்தில் உள்ளே பிளாஸ்டிக் உறை திணிப்பது இன்னும் மோசமானது. பிளாஸ்டிக்கிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும், வேகம் தணிந்த நியூட்ரான்தான் யுரேனியம்-235ஐ எளிதாகப் பிளக்கும்.

தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். எனினும் பெட்டிக்கு அங்கீகாரம் தருவதற்கு முன்பே உள்ளே தண்ணீர் புகுந்துவிடும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். 9 மீட்டர் உயர வீழ்ச்சியும் 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடமும் அந்தச் சோதனைகளில் அடக்கம். ஆகவே மழையைக் கண்டு பதற வேண்டியதில்லை. சான்றிதழில் உள்ளதற்கு மேற்பட்ட செறிவுள்ள பொருளை அதே பெட்டியில் அனுப்புவதுதான் அந்தக் கணக்கை அடியோடு குலைக்கும். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் 0.7 விழுக்காடு யுரேனியம்-235 கொண்ட இயற்கை யுரேனியத்தையும், கூடங்குளம் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகச் செறிவூட்டியதையும் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் பெயர் யுரேனியம்தான் என்பதால் ஆவணத்தில் அந்த விழுக்காட்டைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

கடைசித் தவறு, விபத்துக்குப் பின் நேர்வது. நெடுஞ்சாலையில் குரோமிய உப்பு கொட்டினால் வாரி ஒரே டிரம்மில் போடுவது நமக்குப் பழக்கம். 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் டோக்காய்முராவில், 18.8 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியக் கரைசலை அனுமதிக்கப்பட்ட முறையை மீறி ஒரே தொட்டியில் ஊற்றினார்கள். தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்விப்பு நீர் நியூட்ரான்களைத் திருப்பியனுப்ப, தொடர்வினை ஏறத்தாழ 20 மணி நேரம் நீடித்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அது ஆலைக்குள் நடந்தது, போக்குவரத்தில் அல்ல. ஆனால் உடைந்த பெட்டியிலிருந்து சிதறியதை ஒன்றாக வாளியில் சேர்ப்பவர் செய்வதும் அதே வேலைதான். சிதறியதைச் சிதறியபடியே விட்டு, ஆட்களை விலக்கி நிறுத்தி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் வரும் வரை காத்திருக்க வேண்டும்.